காலிப் பொருள் தேறிவிடும்

நவம்பர் 4, திங்கள்

யாரும் விரும்பாத வேலை ஒன்று இன்று என் மேசைக்கு வந்தது. பம்ப்செட் கம்பெனிக்கு நாங்கள் எழுதும் சர்வீஸ் மென்பொருளில், கிளைகளிலிருந்து தலைமை அலுவலகத்துக்குப் போகும் ஒவ்வொரு பொருளும் சீரியலைஸ் ஆகுமா, அதாவது கட்டி அனுப்ப முடியுமா என்று நான் சோதிக்க வேண்டும். புகார், வாடிக்கையாளர், உதிரிபாகம், பில் என்று ஜாவாவில் எழுதிய பொருள்கள் ஏகப்பட்டவை. பதினெட்டாம் தேதி எல்லாக் கிளைகளிலும் போடுகிறார்கள். "நீதான் பொறுமைசாலி" என்றார் எங்கள் மேலாளர் ஹேமலதா மேடம். புகழ்ச்சி மாதிரி இருந்தது. யோசித்தால் அப்படி இல்லை.

மாலையில் ஜெர்மனியிலிருந்து பூபதி கூப்பிட்டபோது இதைச் சொன்னேன். அவரும் கம்ப்யூட்டர் வேலைதான், ஆனால் கம்பிகளும் பெட்டிகளும் அவருடைய பக்கம். மென்பொருளை உள்ளே திறந்து பார்த்ததில்லை.

"உடுமலைக் கிளைல ஒருத்தங்க புகாரைத் தட்டறாங்கன்னு வெச்சுக்குங்க. அது அவங்க கம்ப்யூட்டர்ல ஒரு பொருளா இருக்கும். அதை அப்படியே தூக்கி அனுப்ப முடியாது. பிரிச்சு, வரிசையா அடுக்கி, பொட்டலமாக் கட்டித்தான் அனுப்பணும். இங்க சர்வர் அதைப் பிரிச்சு மறுபடி பொருளாக்கும். கட்ட முடியாதது ஏதாவது உள்ள இருந்தா, ஓடிட்டு இருக்கும்போதே நின்னு போயிரும்."

"உங்க ஆபீஸ்ல ஓட்டிப் பாக்கறப்ப நிக்கலையா?"

"நிக்காது. இங்க கிளையும் சர்வரும் ஒரே கம்ப்யூட்டர்லதான ஓடுது? இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு. கட்டவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம்."

"ஒரே வீட்ல இருக்கறவங்களுக்குத் தபால் எதுக்குங்கற" என்று சிரித்தார்.

போனை வைக்கும் முன் எப்போதும் போல, "குட்டிகிட்டச் சொல்லிரு, அப்பா கூப்பிட்டேன்னு." மூன்றாம் மாதம். குட்டிக்குக் காது முளைத்திருக்குமா என்பதே சந்தேகம். சொன்னேன்.

சனிக்கிழமை ஸ்கேன்.

நவம்பர் 6, புதன்

காலையில் வாந்தி இல்லை. இரண்டு நாளாகவே இல்லை. நல்லதுதான் என்று தோன்றியது.

சோதிக்கும் நிரலின் முதல் வடிவம் முடிந்தது. ஜாவாவில் ஒரு பொருளைக் கட்டலாம் என்பதற்கு அதன் தலைப்பில் ஒரு முத்திரை இருக்கும். எல்லாவற்றிலும் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். ஏழெட்டைத் தவிர எல்லாவற்றிலும் இருந்தது. அந்த ஏழெட்டிலும் போட்டேன். தேறினால் திரையில் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. எல்லாம் பச்சை.

அடுத்த மேசை சபரீஷ் எட்டிப் பார்த்தான். "என்ன பிருந்தா, பார்டர்ல எல்லாரையும் விட்டுட்டியா? லஞ்சம் எதும் வாங்குனியா?"

"முத்திரை இருக்கு, விட்டேன்."

"முத்திரைய எழுதுனது நான்தான். என்னைய நம்பறியா?"

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அது சரி. முத்திரை என்பது எழுதியவன் தருகிற வாக்கு மட்டுமே. உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது.

நவம்பர் 8, வெள்ளி

முத்திரையை விட்டுவிட்டு உண்மையிலேயே ஒவ்வொன்றையும் கட்டிப் பார்த்தேன். மறுபடி எல்லாம் பச்சை. இவ்வளவு சீக்கிரமாகவா என்று சந்தேகம் வந்தது. மதியம்தான் உறைத்தது. நான் உருவாக்கிய பொருள்கள் எல்லாம் காலி. புகார் இருக்கிறது, புகாருக்குள் ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர் இருக்கிறார், பெயர் இல்லை. காலிப் பொருள் எப்போதும் தேறிவிடும். கட்டுவதற்கு உள்ளே ஏதாவது இருந்தால்தானே தகராறு.

ஒவ்வொன்றையும் நிரப்ப வேண்டும். பெயர், ஊர், தேதி, எல்லாம். பெரிய வேலை.

மழை விட்டபாடில்லை. எங்கள் கணபதிப் பகுதி முழுக்க ரோடு தோண்டிப் போட்டிருக்கிறார்கள். துணி காயவில்லை. வீட்டுக்குள் கயிறு கட்டினேன்.

நவம்பர் 9, சனி

ஸ்கேன் சென்டருக்குத் தனியாகத்தான் போனேன். துடிப்பு இல்லை என்றார்கள். இன்னொரு டாக்டர் வந்து பார்த்தார். அவரும் அதையே சொன்னார்.

பால் வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

நாளை காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஒரு நாள் போதும், சுத்தம் செய்துவிடுவார்கள். டாக்டரம்மா அந்தச் சொல்லைத்தான் சொன்னார். வீட்டு அறையைச் சொல்வது போல.

பூபதி நேற்றே கேட்டார். ஸ்கேன் மெஷின் ரிப்பேர், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள் என்றேன். "அடடா, ஆட்டோக் காசு தண்டம்" என்றார். பிறகு அங்கே ஒரு கடையில் பார்த்த கம்பளிக் குல்லாயைப் பற்றிச் சொன்னார். கட்டைவிரலில் மாட்டலாம், அவ்வளவு சின்னதாம்.

ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டுக்கொண்டேன். அங்கே தனியாக ஓர் அறையில் இருக்கிறார். டிசம்பர் கடைசியில்தான் வருகிறார். போனில் இதைக் கேட்டுவிட்டு அவர் என்ன செய்வார்? ஜன்னலைத் திறந்து பனியைப் பார்ப்பார். வந்ததும் நேரில் சொல்லலாம். அதற்கு முன்பே சொல்ல முடிந்தால் சொல்லலாம். இதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

கீழ்வீட்டு நாகமணி அக்காவிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்நேரம் மேலே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா இருந்திருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

நவம்பர் 11, திங்கள்

முடிந்தது.

காலையில் ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் காப்பீட்டு அட்டை கேட்டார்கள். பூபதியின் அலுவலகக் காப்பீடு; என் பெயர் அதற்குள் இருக்கிறது. அங்கிருந்த பெண் தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் தட்டிக்கொண்டாள். "கூட யாருங்க வந்திருக்காங்க?" வெளியே நிற்கிறார்கள் என்றேன். அவளும் பொய் என்று தெரிந்தே விட்டுவிட்டாள் என நினைக்கிறேன். அன்றாடம் எத்தனை பேரைப் பார்ப்பாள்.

ரஷ்ய நாவல்களில் பெண்கள் காய்ச்சலில் விழுந்து, பல பக்கங்கள் பிதற்றி, வேறு ஆளாக எழுவார்கள். நான் மயக்கம் தெளிந்ததும் நர்ஸிடம் என் செருப்பு எங்கே என்று கேட்டேனாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். பூபதி வழக்கத்தைவிடச் சீக்கிரம் கூப்பிட்டார். குரல் அடைத்திருந்தது. சளி என்றார். அங்கே குளிர் அதிகமாம்.

"சாப்டியா?"

"சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்ட?"

"தயிர் சாதம்."

லைன் போய்விட்டதா என்று பார்த்தேன். இருந்தது. "படு. நல்லாத் தூங்கு" என்று வைத்துவிட்டார். குட்டிகிட்டச் சொல்லச் சொல்லவில்லை. சளியில் மறந்திருப்பார். எனக்கு ஒரு பொய் மிச்சம்.

நவம்பர் 13, புதன்

அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். நேற்றும் இன்றும் வீட்டில்.

நாகமணி அக்கா மதியம் மேலே வந்தார். கையில் தூக்குப் போசி. பூண்டுக் குழம்பு, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க. "சும்மா வெச்சேன் கண்ணு. மழைக்கு நல்லாருக்கும்." வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தண்ணிக் கேன் கீழே வந்து கிடப்பதைச் சொன்னேன், எடுத்து வர வேண்டும் என்று.

"நீ ஏன் தூக்கற? அதெல்லாம் என்ற பையன் கொண்டாந்து வெப்பான். நீ குனிஞ்சு கினிஞ்சு தூக்காத."

மழைக்குப் பூண்டுக் குழம்பு வைப்பவர் இல்லை அவர். மழை என்றால் பஜ்ஜிதான். முகத்தைப் பார்த்து உடம்பு சரியில்லை என்று கண்டுகொண்டிருப்பார். இரண்டு வாய் சாதம் இறங்கியது.

நவம்பர் 14, வியாழன்

அலுவலகம். உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது. பேருந்தில் ஒரு பெண்மணி தானாக எழுந்து இடம் கொடுத்தார். ஏன் என்று நினைத்துப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டேன்.

நிரப்பிய பொருள்களை ஓட்டினேன். ஒரே ஒரு சிவப்பு: புகார். எல்லாவற்றிலும் முக்கியமானதே தேறவில்லை. புகாருக்குள் 'குறிப்பு' என்று ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே கிளைக்காரர்கள் எழுதும் இடம். அந்தக் குறிப்போடு போட்டோ இணைக்கலாம் என்று போன மாதம் சபரீஷ் ஒரு வசதி செய்தான். அதற்காகக் குறிப்பு, போட்டோக் கோப்பைத் திறந்தபடியே கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது. திறந்திருக்கும் கோப்பைக் கட்ட முடியாது. அதனால் குறிப்பைக் கட்ட முடியாது. அதனால் புகாரையும்.

"இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? ஒரு சொல்லுல தீந்துரும்" என்றான் சபரீஷ். நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து என் திரையிலேயே தட்டினான். டிரான்சியன்ட். அந்தச் சொல்லை ஒன்றின் முன்னால் போட்டால், கட்டும்போது இதை விட்டுவிட்டு மற்றதைக் கட்டு என்று அர்த்தம். ஓட்டினோம். பச்சை.

"ஓகேவா? நீ ஓகே போட்டாத்தான் மேடம் ஒத்துக்குவாங்க."

போட்டேன். அப்போது எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்து பாத்ரூம் போக வேண்டியிருந்தது. அது மட்டுமே நினைப்பாக இருந்தது.

நவம்பர் 18, திங்கள்

கிளைகளில் போட்டாயிற்று. எங்கும் நிற்கவில்லை. ஹேமலதா மேடம் எல்லாருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். "பிருந்தா சோதிச்சதால ஒரு கிளைகூட விழலை" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சபரீஷ் தன் பன்னில் பாதியை என் தட்டில் வைத்தான்.

நவம்பர் 20, புதன்

மழை. துணி காயவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

அக்காவின் தூக்குப் போசி தினமும் வருகிறது. எள்ளுத் துவையல், சுண்டவத்தல், கருப்பட்டி போட்டு ஏதோ களி. காசு கொடுக்கிறேன் என்றதற்கு, "இந்தப் பேச்சு பேசுனா நாளையிலிருந்து இன்னும் கசப்பா வெப்பேன்" என்றார். எதுவும் கேட்பதில்லை. வாய் ஓயாத மனுஷி, இந்த விஷயத்தில் மட்டும் வாசலில் போசியை வைத்துவிட்டு இறங்கிவிடுகிறார்.

பூபதியும் அப்படித்தான். பனி, வேலை, அங்கே ஓர் இந்தியக் கடையில் உறைந்த முருங்கைக்கீரை கிடைப்பது. "நீயும் கீரை சாப்பிடு. பேரீச்சை வாங்கி வை" என்கிறார். ஆபீசுக்கு வேண்டுமானால் இன்னும் லீவு போடு என்கிறார். சரி என்கிறேன்.

அடுத்த வாரம் ஸ்கேன் என்று சொல்லியிருந்தேன். அந்த வாரம் போய் இன்னொரு வாரமும் முடிகிறது. அவர் கேட்கவில்லை.

நவம்பர் 25, திங்கள்

கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் போனை எடுத்தேன்.

"சாப்டியா?"

"சாப்ட்டேன்."

"தூங்கறியா ஒழுங்கா?"

"ம்."

"பிருந்தா..."

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. பத்திரமா இரு."

அவ்வளவுதான். குட்டி என்ற பேச்சே இல்லை. கட்டைவிரல் குல்லாய் வாங்கினாரா இல்லையா என்றுகூடச் சொல்லவில்லை. ஆண்களுக்கு அப்படித்தான் போலிருக்கிறது. கண்ணெதிரே இல்லாதது மனதிலும் இல்லை. நான் இத்தனை பொய்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேட்பாரே இல்லை.

மதியம் கழிவறையில் பத்து நிமிடம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர் வீணாயிற்று.

நவம்பர் 28, வியாழன்

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு புலம்பல் வந்திருக்கிறது. புது மென்பொருள் வந்ததிலிருந்து கிளைக்காரர்கள் குறிப்பு எழுதுவதே இல்லையாம். 'மோட்டார் பழுது' என்று மட்டும் வருகிறது, கீழே காலி. கிளைக்காரர்களுக்குச் சோம்பல், நீங்கள் குறிப்பைக் கட்டாயமாக்குங்கள் என்கிறார்கள்.

என் கம்ப்யூட்டரில் ஒரு புகாரை எழுதி, குறிப்பையும் எழுதிப் பார்த்தேன். சர்வர் பக்கம் அழகாகத் தெரிந்தது. சபரீஷின் கம்ப்யூட்டரிலும் அப்படியே. "நம்ம பக்கம் சுத்தம். எழுதாதவங்கள நாம என்ன பண்றது?" என்றான்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். எழுத விருப்பமில்லாதவர்களை என்ன செய்வது.

டிசம்பர் 2, திங்கள்

உடுமலைக் கிளைக்கு நானே போன் செய்தேன். மரகதம் என்பவர் எடுத்தார். குரலை வைத்துப் பார்த்தால் ஐம்பது வயதிருக்கலாம். குறிப்பு ஏன் எழுதுவதில்லை என்று கேட்டேன்.

"எழுதறதில்லையா? ஏனுங்க, தினமும் எழுதிட்டுத்தானுங்க இருக்கறேன். ஒவ்வொண்ணுக்கும் எழுதறேன்."

"எங்களுக்கு வர்றதில்லைங்க."

"வர்றதில்லையா?" திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு கோபம் வந்தது. "சாளையூர்ல ஒருத்தரு மோட்டாரு ஷாக்கடிக்குதுன்னு வந்து சொன்னாருங்க. உடனே ஆள் அனுப்புங்க, தண்ணித் தொட்டியத் தொட்டா அடிக்குது, ஊட்ல சின்னப் பசங்க இருக்குதுன்னு அத்தனையும் எழுதுனேன். நாலு நாளா ஆளே வரலைங்க. மாடு தொட்டியில வாய் வெச்சு அங்கயே செத்துப் போச்சு. அந்த மனுசன் இங்க வந்து கத்துன கத்து இருக்கே. பையன் வாய் வெச்சிருந்தான்னா என்னம்மா பண்ணுவேன்னு கேட்டாருங்க. நான் எழுதுனேன், அவங்க படிக்கலைன்னு எப்படிங்க சொல்றது? தலையக் குனிஞ்சுட்டு நின்னேன்."

சாளையூர் என்று காகிதத்தில் எழுதிக்கொண்டேன்.

"அப்புறமும் எழுதிட்டுத்தானுங்க இருந்தேன். பெரிய ஆபீசுக்காரங்க, படிச்சுட்டுப் பதில் சொல்லத் தோணலை போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

டிசம்பர் 3, செவ்வாய்

அந்தச் சொல்தான். டிரான்சியன்ட்.

போட்டோக் கோப்பின் முன்னால் போட்டிருக்க வேண்டும். சபரீஷ் அதைக் குறிப்பின் முன்னாலேயே போட்டிருக்கிறான். மொத்தக் குறிப்பும் கட்டும்போதே விடுபட்டுப் போகிறது. பொட்டலம் நல்லபடியாக வந்து சேருகிறது, பிரித்தால் அந்த இடம் காலி. எந்த இடத்திலும் நிற்காது. எந்த எச்சரிக்கையும் வராது. எங்கள் அலுவலகத்தில் இரண்டு பக்கமும் ஒரே கம்ப்யூட்டரில் ஓடுவதால் கட்டுவதே இல்லை. அதனால் இங்கே மட்டும் குறிப்பு தெரியும். இங்கே தெரிவதைப் பார்த்துவிட்டு உடுமலையைச் சோம்பேறி என்றோம்.

சபரீஷுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மாடா? நிஜமாவே செத்துருச்சா?" என்றான். பிறகு, "உன்ற சோதனைல பச்சைதான வந்துச்சு?" என்றான். குற்றம் சாட்டவில்லை. எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்தான்.

பச்சைதான் வந்தது. கட்ட முடியுமா என்று மட்டும்தான் நான் கேட்டேன். கட்டியது என்ன, பிரித்தால் கிடைப்பது என்ன என்று கேட்கவே இல்லை.

ஹேமலதா மேடத்திடம் நாங்கள் இருவருமே போனோம். அவர் கத்தவில்லை. சாளையூர்க்காரருக்கு என்ன செய்வது என்று கம்பெனியிடம் பேசப் போனார். எங்களைப் பார்க்காமல் போனார். கத்தியிருக்கலாம்.

டிசம்பர் 4, புதன்

சோதனையை மாற்றி எழுதினேன். நிரப்பு, கட்டு, பிரி, பிரித்ததை முதலில் இருந்ததோடு ஒவ்வொரு இடமாக ஒப்பிடு. குறிப்பு மட்டும் இல்லை, இன்னும் மூன்று இடங்கள் சத்தமில்லாமல் காலியாகிக்கொண்டிருந்தன. சபரீஷ் சாப்பிடப் போகாமல் நான்கையும் திருத்தினான். இனி இரண்டு பக்கத்தையும் தனித்தனிக் கம்ப்யூட்டரில் ஓட்டுவது என்று மேடம் சொல்லிவிட்டார்.

மாலையில் கிளைகளில் போட்டதும் மரகதத்தைக் கூப்பிட்டேன். குறிப்பு ஒன்று எழுதச் சொன்னேன். 'சோதனைக்கு எழுதுகிறேன், தெரிகிறதா' என்று எழுதினார். படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். பிறகு சிரிப்பு நின்றது.

"ஏம்மா, அப்ப நீங்க யாரும் வேணும்னு பதில் சொல்லாம இருக்கலீங்களா?"

"இல்லைங்க. எங்களுக்கு வரவே இல்லை."

"நான் உங்கள எல்லாம் என்னென்னவோ திட்டிட்டேன் போங்க, மனசுக்குள்ள." பிறகு, "மாடு மாடுதானுங்க. அது வரப்போறதில்ல" என்றார்.

டிசம்பர் 5, வியாழன்

வேலைக்குப் போய் வந்தேன். இரவு சமைக்கவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

சாயங்காலம் போசியைத் திருப்பிக் கொடுக்கக் கீழே இறங்கினேன். அக்கா வாசலில் கோலப்பொடி டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்க வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. வாயில் வந்துவிட்டது.

"ஏங்க்கா இத்தனை நாளாப் பூண்டும் எள்ளுமாவே குடுத்துட்டு இருக்கீங்க?"

"ஏன், நல்லா இல்லையா?"

"பெத்தவங்களுக்குக் குடுக்கறது அது."

டப்பாவைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். நிரம்ப நேரம் துடைத்தார்.

"பெத்தாலும் பத்தியம்தான், போனாலும் பத்தியம்தான் கண்ணு. வயிறு ரெண்டுக்கும் ஒரே மாதிரித்தான் புண்ணாகுது."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லுவா? உன்ற ஊட்டுக்காரருதான். நீ ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கே போன் பண்ணுச்சு தம்பி. இன்சூரன்சுல இருந்து அதுக்கு மெசேஜு வந்துருச்சாமா. என்ன எதுன்னு அதுலயே போட்டிருந்துச்சாம். பேச முடியல அதுக்கு. நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன். 'அக்கா, அவ சொல்லல. அவளாச் சொல்ற வரைக்கும் நானும் கேக்க மாட்டேன், நீங்களும் கேக்காதீங்க, சாப்பாடு மட்டும் பாத்துக்குங்க'ன்னுச்சு. தினம் ரெண்டு வேளை எனக்குப் போன் வருது. என்ன சாப்ட்டா, எவ்வளவு சாப்ட்டான்னு. நீ கொழம்ப மிச்சம் வெச்சீன்னா அங்க அதுக்குச் சோறு எறங்கல."

நான் போசியின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

"தப்பா?" என்றார் அக்கா.

தெரியவில்லை என்றேன். போசியை அவர் கையில் கொடுக்காமல் மறுபடியும் மேலே எடுத்து வந்துவிட்டேன்.

இப்போது அது என் எதிரில் இருக்கிறது. கோபம்தான் முதலில் வந்தது. அன்று ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் அந்தப் பெண் தட்டிய எதையும் நான் யோசிக்கவே இல்லை. என்ன போய்ச் சேர்கிறது, என்ன சேரவில்லை என்று பார்ப்பதுதான் என் வேலை. அவருக்குப் போகவே போகாது என்று நான் நம்பியிருந்தது முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட்டது. தெரிந்துகொண்டே கீரை சாப்பிடு, பேரீச்சை வாங்கு என்றிருக்கிறார். என்னைத் தனியாக விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாரா என்று நினைத்தேன்.

பிறகு அந்தச் சளி ஞாபகம் வந்தது. அன்று மாலை, அந்த அடைத்த குரல். அதற்கு முன் எவ்வளவு நேரம் அழுதிருப்பார், யாரிடம் அழுதிருப்பார். அழுது முகம் கழுவிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார், சாப்டியா என்று கேட்க. நான் தயிர் சாதம் என்றேன். அன்று எதுவுமே சாப்பிடவில்லை.

அவர் கேட்பதில்லை என்று நானும், நான் சொல்வதில்லை என்று அவரும்.

நேரில் சொல்லலாம் என்று நினைத்ததெல்லாம் பொய். நான் சொன்னால் அவர் ஒரு கணம் பேசாமல் இருப்பார், அந்த ஒரு கணத்தில் 'ஆபீஸ் ஆபீஸ்னு ஓடுனியே' என்று இருக்குமோ என்று பயந்தேன். அதுதான் காரணம்.

எட்டு மணிக்குப் போன் வரும். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

அதே நாள், பிறகு

கூப்பிட்டார். அக்கா சொல்லியிருக்க மாட்டார். குரலில் வழக்கமான ஜாக்கிரதை இருந்தது. பின்னால் எங்கோ டிராம் மணி அடித்தது.

"சாப்டியா?"

இத்தனை நாளும் அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். அதற்குள் எல்லாவற்றையும் வைத்துத்தான் கேட்டிருக்கிறார்.

"இல்ல" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"சொல்லு" என்றார்.